உறைமண் இளகினால் மீத்தேன் குண்டு வெடிக்குமா?

கேள்வியின் சாரம் இது: சைபீரியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் மண் இளகுகிறது, அதிலிருந்து மீத்தேன் மொத்தமாகக் கிளம்பி உலகமே கொதித்துவிடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். இது எவ்வளவு உண்மை? மண்ணுக்கு அடியில் நடப்பது விஞ்ஞானிகளுக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் வெடிக்கும் குண்டுக்குச் சான்று கிடையாது. அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உண்மையில் நடப்பது மெதுவான கசிவு. அது தொடங்கிவிட்டது. இளகிய மண்ணைத் திரும்ப உறைய வைத்து, போன கார்பனை உள்ளே அடைக்க நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வழியில்லை. குண்டு என்று பயமுறுத்துகிறவர்களும், குண்டு இல்லையே என்று தள்ளிவிடுகிறவர்களும் இந்தக் கசிவைப் பற்றிப் பேசுவதே இல்லை. என் வருத்தம் அதுதான்.

உறைமண்ணுக்கு ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர். அதைக் கேட்டதும் பலர் வெள்ளைப் பனிப்பாறையை நினைத்துக்கொள்கிறார்கள். மண், மணல், சரளை, கற்பாறை, பாதி மட்கிய தழை என்று எதுவாக இருந்தாலும் சரி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட். மேலே நடந்து போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பாசி படர்ந்திருக்கும், புதர் இருக்கும், லார்ச் மரங்கள்கூட நிற்கும். கோடையில் மேல்மண் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். அதற்குக் கீழே உள்ளதுதான் இளகாத உறைமண். வட அரைக்கோள நிலப்பரப்பில் சுமார் 15 சதவீதத்துக்கு அடியில் இது இருக்கிறது. ரஷ்யாவின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன்மேல்தான் இருக்கிறது. கிழக்கு சைபீரியாவின் யாகுட்டியாவில் சில இடங்களில் இதன் ஆழம் 1,400 மீட்டரைத் தாண்டுகிறது.

இதில் கார்பன் எப்படி வந்தது? செத்த செடியும் வேரும் முழுசாக மட்குவதற்குள் உறைந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு படிவு. இப்படியே பல்லாயிரம் ஆண்டுகள். வடபகுதி உறைமண் பிரதேசங்களில் சேர்ந்திருக்கும் கரிமக் கார்பன் 1,460 முதல் 1,600 பில்லியன் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று காற்று மண்டலத்தில் இருக்கும் கார்பனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். வடகிழக்கு சைபீரியாவின் கோலிமா ஆற்றோரத்தில் பனியுக அணில்கள் வளையில் சேர்த்து வைத்த காய்கள் கிடைத்தன, வயது 30,000 ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காயின் திசுவிலிருந்து ரஷ்ய விஞ்ஞானிகள் 2012-ல் ஒரு பூச்செடியையே வளர்த்தெடுத்தார்கள். அது பூத்து, முளைக்கக்கூடிய விதையும் கொடுத்தது. அவ்வளவு புதிதாக இருக்கும் தழைதான் இளகியதும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது.

இனி, எப்படித் தெரியும் என்ற கேள்வி. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

யாகுட்டியாவின் யாகுட்ஸ்க் நகரில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் நிர்வாகியாக ஃபியோதர் ஷெர்கின் என்று ஒருவர் இருந்தார். 1828-ல் குடிநீருக்காகக் கிணறு தோண்ட ஆரம்பித்தார். தோண்டத் தோண்ட உறைந்த மண்தான் வந்தது. 1837 வரை தோண்டி, 116 மீட்டர் வரை இறங்கியும் உறைமண் முடியவில்லை, தண்ணீரும் வரவில்லை. கிணறாக அது பயன்படவில்லை. ஆனால் 1844-ல் மிடன்டார்ஃப் என்ற அறிஞர் அந்தக் குழிக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். கீழே போகப் போகக் குளிர் ஒழுங்காகக் குறைவதைப் பதிவுசெய்தார். உறைமண் ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது அங்கிருந்துதான் என்று சொல்லலாம். அந்தக் குழி இன்றும் யாகுட்ஸ்க்கில் இருக்கிறது. அதே ஊரில் 1960-ல் இதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனமும் வந்தது.

அளப்பதன் அடிப்படை இன்றும் அதேதான்: துளை போட்டு, வெப்ப உணரிகள் கோத்த ஒரு கேபிளை இறக்கி, ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்வது. பகல் இரவு மாற்றம் மேலே சில பத்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும். கோடை குளிர் மாற்றம் 10, 20 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே ஒரு மாற்றம் தெரிந்தால், அது வானிலையின் வேலை இல்லை, பல ஆண்டுகளாக மேலே நடந்த பருவநிலை மாற்றம் மெல்ல இறங்கி வந்திருக்கிறது என்று பொருள். ஆர்தர் லாக்கன்ப்ரூக், வான் மார்ஷல் என்ற இரண்டு அமெரிக்கப் புவி இயற்பியலாளர்கள் வடக்கு அலாஸ்காவின் எண்ணெய்க் கிணறுகளில் இதைப் பார்த்தார்கள். ஆழத்தில் நேராகப் போகும் வெப்பக் கோடு, மேலே வரும்போது வெப்பப் பக்கமாக வளைந்திருந்தது. நிலத்தின் மேற்பரப்பு சில பத்தாண்டுகளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்குள் 2 முதல் 4 டிகிரி சூடாகியிருக்கிறது என்று 1986-ல் எழுதினார்கள். காலநிலை மாற்றம் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே அலாஸ்காவின் மண்ணில் அது பதிவாகிவிட்டிருந்தது.

இப்போது இத்தகைய துளைகள் ஒரு உலகளாவிய வலைப்பின்னலாக இணைக்கப்பட்டிருக்கின்றன. 2007 முதல் 2016 வரையிலான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆண்டுப் பருவமாற்றம் எட்டாத ஆழத்தில் உறைமண் உலக சராசரியாக 0.29 டிகிரி சூடாகியிருந்தது. மிகவும் குளிரான, தொடர்ச்சியாக உறைந்த வடக்குப் பகுதிகளில் 0.39 டிகிரி. பத்தே ஆண்டுகளில், அதுவும் அந்த ஆழத்தில், இது பெரிய எண்.

இங்கே ஒரு இடத்தில் எளிதாக ஏமாந்துவிடலாம். மைனஸ் 8 டிகிரியில் இருக்கும் மண் சூடானால் உணரி உடனே காட்டிக்கொடுக்கும். மைனஸ் 0.3 டிகிரியில் இருக்கும் மண்ணில், வருகிற வெப்பமெல்லாம் பனிக்கட்டியை உருக்குவதிலேயே செலவாகும், எண் நகராது. டம்ளரில் ஐஸ் தீரும்வரை தண்ணீர் அதே குளிரில் நிற்பதைப் போல. ஆகவே தெற்கு ஓரத்து உறைமண்ணில் வெப்பநிலை ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருப்பதைப் பார்த்து, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. பெரும்பாலும் அங்கேதான் அதிகம் நடக்கிறது.

இரண்டாவது முறை இன்னும் எளிமையானது. கோடை முடிவில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்துவார்கள். எங்கே "டங்" என்று தடுக்கிறதோ, அதுவரை மண் இளகியிருக்கிறது. 1991-ல் தொடங்கிய ஒரு பன்னாட்டுத் திட்டத்தில், சதுரக் கட்டமாகப் பிரித்த நிலத்தில் 121 புள்ளிகளில் ஆண்டுதோறும் இப்படிக் குத்தி அளக்கிறார்கள். எளிமையான முறைதான், ஆனாலும் அதிலும் ஒரு பொறி உண்டு. மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகினால் தரையே கீழே இறங்கும். கம்பியைப் பிடித்து நிற்கிறவரும் தரையோடு சேர்ந்து இறங்கிவிடுகிறார்! அவர் அளக்கும் ஆழம் போன ஆண்டைவிட அதிகமில்லை என்று தோன்றும். உண்மையில் இளகும் எல்லை நிறைய கீழே போயிருக்கும். அலாஸ்காவில் ஹீலி ஊருக்கு அருகே நடக்கும் ஒரு வெப்பமூட்டும் பரிசோதனையில், தரை இறங்கிய அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆண்டுதோறும் இளகும் கார்பனின் அளவு இரண்டு மடங்காகத் தெரிந்தது.

அந்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெட் ஷூர் என்ற சூழலியலாளரின் குழு 2008-லிருந்து நடத்துவது. திறந்தவெளியில் மண்ணை எப்படிச் சூடாக்குவது? வேலி கட்டினார்கள். குளிர்காலக் காற்றில் பனி வேலியோரம் குவியும். தடித்த பனி, மண்ணின் வெப்பத்தைக் குளிர்ந்த காற்றுக்குப் போகவிடாமல் தடுக்கும், மண் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். வசந்தம் வருவதற்குமுன் அதிகப்படியான பனியை ஆட்கள் மண்வாரியால் அள்ளி அகற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் உருகும் நீரும் கணக்கைக் குழப்பிவிடும். ஆண்டுதோறும் இந்த உழைப்பு நடக்கிறது. ஒற்றை வரியாக நாம் படித்துவிட்டுப் போகிற ஒரு எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அதே பகுதியில் இயற்கையாகவே இளகிய இடங்களை ஒப்பிட்டு 2009-ல் ஷூர் குழு வெளியிட்ட முடிவு எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. இளகத் தொடங்கிச் சுமார் 15 ஆண்டுகள் ஆன இடத்தில் செடிகள் செழித்து வளர்ந்தன. மண்ணிலிருந்து பழைய கார்பன் வெளியேறினாலும், செடிகள் அதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டன. பல பத்தாண்டுகளுக்கு முன்பே இளகிய இடத்தில் கதை திரும்பிவிட்டது: செடிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, நிலம் மொத்தமாகக் கார்பனை இழக்கத் தொடங்கியிருந்தது. வெளியேறும் கார்பன் பழையதா புதியதா என்று ரேடியோகார்பன் காலக்கணிப்பால் பிரித்துப் பார்த்தார்கள். ஆர்க்டிக் பசுமையாகிறது, நல்லதுதானே என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஆய்வே பதில்.

மீத்தேன் எங்கே வருகிறது? மண் இளகிய இடத்தில் காற்றுப் படுமானால் நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். நீர் தேங்கிக் காற்றுப் புகாமல் போனால் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பனி மிகுந்த மண் இறங்கிக் குளமாகும் இடங்களில் இது நன்றாகத் தெரியும். கேட்டி வால்டர் என்ற ஆய்வாளர் வடக்கு சைபீரியக் குளங்களில், குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனித்தட்டின்மேல் நடந்து, உள்ளே அகப்பட்டிருக்கும் குமிழிகளை வரைபடமாக்கினார். கண்ணாடி போன்ற பனிக்குள் வெள்ளைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கும். துளையிட்டுத் தீக்குச்சி காட்டினால் தீ எழும். அந்தப் பகுதிக் குளங்களிலிருந்து வரும் மீத்தேன் முன்பு நினைத்ததைப்போல் 5 மடங்கு இருக்கலாம் என்று 2006-ல் அவர் குழு எழுதியது. சில குமிழிகளில் இருந்த கார்பனின் வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல்.

சரி, குண்டு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வடமேற்கு சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் 2014-ல் திடீரென்று தோன்றிய ஆழமான பள்ளம் ஒரு காரணம், உள்ளே சேர்ந்த வாயு அழுத்தத்தால் தரை வெடித்துத் திறந்தது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் உலகக் கணக்கில் அந்த ஒரு பள்ளத்தின் மீத்தேன் மிகச் சொற்பம். இன்னொரு காரணம், கிழக்கு சைபீரியக் கடலடியில் மூழ்கிக் கிடக்கும் உறைமண். அங்கே குமிழிகள் வருவது உண்மை. அது பெருவெள்ளமாக மாறும் என்பதற்கு ஆதரவு குறைவு. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சான்று அண்டார்டிகாவிலிருந்து வந்தது. டெய்லர் பனியாற்றின் பழைய பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றை ஆராய்ந்த குழு ஒன்று, கடைசிப் பனியுகம் முடிந்து பூமி சூடானபோது பழங்கார்பன் இருப்புகளிலிருந்து வந்த மீத்தேன் மிகக் குறைவு என்று 2020-ல் காட்டியது. அப்போது வெடிக்காதது இப்போதும் வெடிக்காது என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, வேகம் வேறு, சூழல் வேறு. ஆனாலும் குண்டுக் கதைக்கு எதிரான கனமான சான்று அது.

இனி கசிவின் அளவு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை சொல்வது: பூமி சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும், 2100-க்குள் உறைமண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வடிவில் சுமார் 18 பில்லியன் டன் கார்பன் வெளியேறும். கீழ் எல்லை 3, மேல் எல்லை 41. நாம் புதைபடிவ எரிபொருளை எரித்து ஆண்டுக்கு வெளியிடுவது சுமார் 10 பில்லியன் டன் கார்பன். அப்படியானால் ஒரு டிகிரிக்கு, நம் இரண்டு ஆண்டுப் புகைக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றும். இதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் சுமார் 66 பில்லியன் டன். பூமியின் வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால், 2020 தொடக்கத்திலிருந்து நாம் வெளியிடலாம் என்று அதே அறிக்கை சொன்ன மொத்த அளவே 500 பில்லியன் டன்தான். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 66-இன் கனம் தெரியும். (செய்திகளில் கார்பன் கணக்கையும் கார்பன் டை ஆக்சைடு கணக்கையும் கலந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் 3.67 மடங்கு வித்தியாசம். எண் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதைப் பாருங்கள்.)

3-க்கும் 41-க்கும் இடையே ஏன் அவ்வளவு இடைவெளி? காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பெரும்பாலும் மண் மேலிருந்து கீழாக ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இளகுவதைத்தான் கணக்கில் எடுக்கின்றன. களத்தில் அப்படி மட்டும் நடப்பதில்லை. யாகுட்டியாவில் பதகாய் ஊருக்கு அருகே 1960-களில் காட்டை வெட்டினார்கள். நிழல் போனது, மேல்மண் பாதுகாப்பு போனது, பனி மிகுந்த மண் சரியத் தொடங்கியது. இன்று அது ஏறக்குறைய 1 கிலோமீட்டர் அகலமுள்ள பிரம்மாண்டமான பள்ளம். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் மண்ணும் பனியும் அதிலிருந்து கரைந்து போகின்றன. கோடையில் செங்குத்தான சுவரிலிருந்து சேறு வடிந்தபடியே இருக்கும். விளிம்பில் நிற்கும் மரங்கள் வேரோடு சாய்ந்து தொங்கும். சுவரின் அடியில் இருக்கும் உறைமண்ணுக்கு 6,50,000 ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள். இடையில் வந்த வெப்பக் காலங்களையெல்லாம் தாண்டி நின்ற மண் அது. மேலே இருந்த காட்டை எடுத்ததும் சில பத்தாண்டுகளில் திறந்துகொண்டுவிட்டது.

இப்படித் திடீரென்று சரிவது உறைமண் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் நடக்கும். ஆனால் உறைமண் கார்பனில் பாதியை அது தொடக்கூடும் என்று மெரிட் டுரெட்ஸ்கி தலைமையிலான குழு 2020-ல் கணக்கிட்டது. காட்டுத்தீ இன்னொரு கணக்கு. தீயையும் சேர்த்துப் பார்த்தால் ஆர்க்டிக் துந்திரா (மரமில்லாத குளிர்ச் சமவெளி) இப்போது கார்பனை உள்வாங்குவதைவிட அதிகமாக வெளியிடுகிறது என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் 2024 ஆர்க்டிக் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.

இளகும் மண்ணிலிருந்து பழைய வைரஸ்கள் கிளம்பி வரும் என்ற பயம் பற்றிச் சுருக்கமாக. 30,000 ஆண்டு பழைய வைரஸை உயிர்ப்பித்தது உண்மை, அது அமீபாவைத் தாக்குவது, மனிதரை அல்ல. கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் பாக்டீரியா நோயான ஆந்த்ராக்ஸ் வேறு விஷயம். 2016-ல் யமாலில் 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் இறந்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். அந்தக் கோடையின் வெப்பத்தில் பழைய ஆந்த்ராக்ஸ் மண் இளகியதைக் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் 2007-லிருந்தே அங்கே கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இளகும் மண்ணில் வாழ்கிறவர்களுக்கு இன்னும் அன்றாடமான கவலைகள் இருக்கின்றன. அலாஸ்காவின் நியூடாக் கிராமத்து யூபிக் பழங்குடி மக்கள், ஆறு அரித்தும் தரை இறங்கியும் போனதால் 2019-லிருந்து மெர்டார்விக் என்ற புதிய இடத்துக்கு ஊரையே மாற்ற வேண்டியிருந்தது.

இந்தத் துறையை இப்போது வாட்டுவது இன்னொன்று. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய ஆய்வு நிலையங்களுடனான கூட்டுவேலை பெருமளவு அறுந்துவிட்டது. உலகின் மிகப் பெரிய உறைமண் நாட்டின் தரவு இல்லாமல் ஆர்க்டிக் சராசரி போடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இது பேரிழப்பு. பதிவில் விட்டுப்போன ஆண்டைப் பின்னால் போய் அளக்க முடியாது.

நமக்கு என்ன என்ற கடைசிக் கேள்வி. கார்பன் கணக்கு எல்லோருக்கும் பொது, அதை விடுங்கள். இமயமலையிலும் உறைமண் இருக்கிறது, உயரமான பாறைகளையும் மொரைன் என்கிற பனியாற்றுக் கல்மண் கரைகளையும் அது இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமில் தெற்கு லோனக் ஏரியின் பக்கவாட்டு மொரைனிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் உறைந்த மண்ணும் கல்லும் ஏரிக்குள் சரிந்தன. 20 மீட்டர் உயர அலை எழுந்து ஏரியின் கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து நூற்றுக்கும் மேல். அந்தக் கரை பலவீனமானதில் உறைமண் இளகியதற்குப் பங்கு உண்டு என்று பின்னர் ஆராய்ந்த பன்னாட்டுக் குழு சொன்னது.

அலாஸ்காவில் நாற்பது ஆண்டுக்கும் மேலான துளைப் பதிவுகள் உண்டு. இமயமலையின் இந்தியப் பகுதியில் அப்படி ஒரு நீண்ட தொடர் கிடையாது. துளை போட்டு உணரிக் கேபிள் இறக்க ஆகும் செலவு ஒரு அணைச் செலவில் தூசு. சுங்தாங்கில் அணையை மறுபடி கட்டுவதற்கான வேலை நடக்கிறது. ஏரிக்கு மேலே நிற்கும் கரைகள் இன்று எத்தனை டிகிரியில் இருக்கின்றன, எவ்வளவு ஆழம்வரை இளகியிருக்கின்றன என்ற இரண்டு எண்களை அளந்து, கீழே வாழும் மக்களுக்குத் தெரியும்படி வெளியிட்ட பிறகுதான் அங்கே கான்கிரீட் ஊற்ற வேண்டும்.